குரோஷாவா, நிட்டிங்கா? குக்கர் விசிலுக்கு நடுவே தாங்குவது எது

இரண்டாவது விசில் வந்தாயிற்று. மூன்றாவதுக்கு இன்னும் நான்கு நிமிடம் இருக்கும். கூடத்தில் வீட்டுப்பாடம் ஓடிக்கொண்டிருக்கிறது, ‘அம்மா, இந்தக் கணக்கு வரலை’ என்ற குரல் எந்த நொடியும் வரலாம். இந்த நான்கு நிமிடத்துக்குக் கையில் எடுக்கிற வேலை, பாதியில் போட்டுவிட்டு ஓடினாலும் கெடாமல் இருக்க வேண்டும். புதுச்சேரியில் ஊசி வேலை என்றாலே பலருக்கு ரொமேன் ரோலான் வீதியில் உள்ள குளூனி எம்பிராய்டரி கூடம்தான் நினைவுக்கு வரும். அழகான வேலைதான். ஆனால் அதற்குச் சட்டம், வெளிச்சம், அசையாத இடம் மூன்றும் வேண்டும், அதனால் அதை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. மிஞ்சுவது ஒற்றைக் கொக்கியால் பின்னும் குரோஷாவும், இரண்டு ஊசியால் பின்னும் நிட்டிங்கும்.

எது சுலபம் என்பதை வைத்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் ஏமாற்றம்தான். ஒரு மாதம் பழகினால் இரண்டுமே கைக்கு வந்துவிடும். பார்க்க வேண்டியது உங்களுக்குக் கிடைக்கிற நேரம் எப்படிப்பட்டது என்பதை. நேரம் துண்டு துண்டாகக் கிடைக்கிறதா, அல்லது கை சும்மா இருந்தும் கண் வேறு எங்கோ இருக்க வேண்டியிருக்கிறதா? முதல் வகைக்குக் குரோஷா, இரண்டாவதற்கு நிட்டிங். அதற்கான காரணம் பின்னலின் அமைப்பிலேயே இருக்கிறது.

பாதியில் விட்டால்

குரோஷாவில் எந்த நேரமும் பிரியக் காத்திருப்பது ஒரே ஒரு கண்ணி, அதாவது ஒரு நூல் வளையம். போட்டு முடித்த மற்றதெல்லாம் பூட்டிக்கொண்டுவிட்டது. எழுந்து போக வேண்டுமென்றால் கொக்கியை உருவி, அந்தக் கண்ணியை ஒரு விரல் நீளத்துக்கு இழுத்து, ஊக்கு ஒன்றை மாட்டினால் போதும். வரிசையின் நடுவில் விட்டாலும் அடையாளம் தெரியாது.

நிட்டிங்கில் ஊசியில் 40 கண்ணி இருந்தால் அந்த 40-மே பிரியக் காத்திருப்பவைதான். நேர் ஊசியில் பின்னிக்கொண்டே எழுந்தால் ஓரத்து இரண்டு கண்ணி நழுவும், பருத்தி நூலாக இருந்தால் அது ஏணிப்படி போல ஐந்தாறு வரிசை கீழே ஓடும். அக்ரிலிக் நூல் கொஞ்சம் பஞ்சு பிடித்தது, நழுவிய கண்ணி அங்கேயே நிற்கும். நழுவியதைத் தூக்குவதற்கு நிட்டிங் ஊசியை விடக் குரோஷாக் கொக்கிதான் வசதி. ஏணியின் ஒவ்வொரு படியையும் கொக்கியால் இழுத்துக் கண்ணிக்குள் விட்டு மேலே ஏற்ற வேண்டும். ஆக, நிட்டிங் மட்டும் போதும் என்பவர் பையிலும் ஒரு கொக்கி இருந்தே ஆக வேண்டும்.

இதற்கு நல்ல தீர்வு வட்ட ஊசி. இரண்டு குட்டி ஊசியை ஒரு வயர் இணைத்திருக்கும், 80 செ.மீ. நீளம் பெரும்பாலான வேலைக்குச் சரியாக இருக்கும். வட்டமாகத்தான் பின்ன வேண்டும் என்றில்லை, நேர் வரிசையும் இதில் பின்னலாம். எழும்போது கண்ணிகளை நடு வயருக்குத் தள்ளிவிட்டால் எதுவும் நழுவாது.

திரும்பி வந்து எடுக்கும்போதுதான் நிட்டிங்கின் பெரிய தவறு நடக்கிறது. வரிசையின் நடுவில் விட்டதை எந்தத் திசையில் போனோம் என்று தெரியாமல் எதிர்ப்பக்கமாகப் பின்ன ஆரம்பித்துவிடுவார்கள். ஒரு பக்கம் மட்டும் இரண்டு வரிசை கூடிவிடும், திரும்பிய இடத்தில் ஓட்டையும் விழும். இதற்கு ஒரே விதி: நூல் தொங்குகிற ஊசி வலது கையில் இருக்க வேண்டும். நூல் எப்போதும் கடைசியாகப் பின்னிய கண்ணியிலிருந்துதான் வரும்.

குழந்தை இழுத்தால் என்ன ஆகும் என்று பார்த்தால் கணக்கு மாறுகிறது. கொக்கி விலகிய குரோஷாவில் மூன்று வயதுக் குழந்தை நூலைப் பிடித்துக்கொண்டு கூடத்தைக் கடந்தால், ஒரு மணி நேர வேலை அப்படியே பிரிந்து வரும். அந்த ஒற்றைக் கண்ணிக்கு ஊக்கு போடாமல் எழக்கூடாது என்று சொல்வது இதனால்தான். நிட்டிங்கில் நூலை இழுத்தால் ஊசி தடுக்கும், ஊசியையே உருவினால்தான் ஆபத்து. கடினமான பின்னலாக இருந்தால் பத்து வரிசைக்கு ஒரு முறை தையல் நூல் ஒன்றை எல்லாக் கண்ணிக்குள்ளும் கோத்து வையுங்கள். எவ்வளவு பிரிந்தாலும் அந்த நூலோடு நின்றுவிடும்.

கண் வேறெங்கோ இருக்கும்போது

கண் பார்க்காமலே கை பின்னுவதில் நிட்டிங்கை அடிக்க ஆளில்லை. இரண்டு பக்கமும் நேர்க் கண்ணியே (‘நிட்’ தையல்) போடும் கார்டர் பின்னலில் அடுத்த கண்ணி எங்கே என்று தேட வேண்டியதில்லை, அது ஊசி நுனியில் வரிசையாகக் காத்திருக்கிறது. விரல் தடவியே போட்டுவிடலாம். வாய்ப்பாடு ஒப்பிக்கும் குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டோ, சீரியல் பார்த்துக்கொண்டோ, கரண்ட் போன அரை இருட்டிலோ ஓடும். குரோஷாவில் கொக்கியை எந்த ஓட்டைக்குள் விடுவது என்று ஒவ்வொரு தையலுக்கும் கண்ணால் பார்க்க வேண்டும். நடுவிலிருந்து சுற்றுச் சுற்றாக வளரும் கிரானி சதுரம் மட்டும் விதிவிலக்கு. அதில் தையலின் தலைக்குள் விடாமல் இடைவெளிக்குள் விடுவதால் விரலே வழி கண்டுபிடித்துவிடும்.

புதுச்சேரி - கடலூர் பஸ்ஸில் இது நன்றாகத் தெரியும். அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் என்று நின்று போகும் முக்கால் மணி, ஒரு மணி நேரம். உட்கார இடம் கிடைத்தால் வட்ட ஊசியில் பதினைந்து இருபது வரிசை பின்னிவிடலாம். குரோஷாக் கொக்கி பஸ் குலுங்கும்போது கை நழுவினால் சீட்டுக்கு அடியில் நாலு வரிசை தள்ளிப் போய் நிற்கும். அதோடு அன்றைய வேலை முடிந்தது. வட்ட ஊசியில் உருண்டு போக எதுவுமில்லை, இரண்டு நுனியும் வயரோடு இருக்கிறது. 35 செ.மீ. நேர் ஊசி மட்டும் பஸ்ஸுக்கு வேண்டாம், பக்கத்து சீட்டு அக்காவின் விலாவில் இடிக்கும்.

ஆஸ்பத்திரி டோக்கன் வரிசை, டியூஷன் வாசல், கேஸ் சிலிண்டருக்குக் காத்திருப்பது எல்லாம் எந்த நிமிடமும் எழுந்து நிற்க வேண்டிய நேரங்கள். அங்கே குரோஷாவே.

இந்த வெயிலில் என்னத்தைப் பின்னுவது

ஜனவரி விடியற்காலையில்கூட 20 டிகிரியை ஒட்டியே நிற்கும் ஊரில் ஸ்வெட்டர் பின்னி யாருக்குப் போடுவது? ஊட்டிக்கோ பெங்களூருக்கோ போகிறவருக்கு ஒன்று பின்னலாம், அவ்வளவுதான். இங்கே வீட்டில் தினமும் கையில் படுகிற பொருளாகப் பார்த்தால் இரண்டுக்கும் வேலை பிரிந்துவிடுகிறது.

கரித்துணிக்குக் குரோஷா. நூல் சுத்தப் பருத்தியாகத்தான் இருக்க வேண்டும். அக்ரிலிக் சூட்டில் உருகும், உருகியது தோலில் ஒட்டும். மில்க் காட்டன் என்ற பெயரில் விற்பதிலும் பெரும்பாலும் அக்ரிலிக் கலப்பு இருக்கிறது, லேபிளைப் பார்த்து வாங்குங்கள். 18 செ.மீ. சதுரமாக, குட்டைத் தையலில் (அமெரிக்க ‘சிங்கிள்’) நெருக்கமாக இரண்டு பின்னி ஓரம் சேர்த்துத் தைக்க வேண்டும். உயரத் தையலில் (அமெரிக்க ‘டபுள்’) போட்டால் இடைவெளி வழியே சூடு கைக்கு வரும். ஈரத்தோடு சூடான பாத்திரத்தைப் பிடிக்கவும் கூடாது, ஈரம் சூட்டை வேகமாகக் கடத்தும்.

பாத்திரம் துடைக்கும் துணிக்கு நிட்டிங். மூலையிலிருந்து பின்னும் சதுரம் இதற்கென்றே அமைந்தது. 8 பிளை (நடுத்தரத் தடிமன்) பருத்தி நூல், 4 மி.மீ. ஊசி, 50 கிராம் கண்டு ஒன்று தாராளம். 4 கண்ணி ஏற்றி ஒரு வரிசை நேராகப் பின்னுங்கள். பிறகு ஒவ்வொரு வரிசையும் ஒன்றே: இரண்டு கண்ணி நேர், நூலை ஊசி மேல் ஒரு சுற்று, மீதி எல்லாம் நேர். வரிசைக்கு ஒரு கண்ணி கூடும். 44 ஆனதும் இறங்கு வரிசை: ஒரு கண்ணி நேர், இரண்டைச் சேர்த்து ஒன்று, ஒரு சுற்று, மறுபடி இரண்டைச் சேர்த்து ஒன்று, மீதி நேர். திரும்ப 4-க்கு வந்ததும் மூடிவிடலாம். பக்கத்துக்கு 15 செ.மீ. அளவில் வரும். இதன் அருமை, எண்ணிக்கையை நினைவில் வைக்க வேண்டியதில்லை என்பது. எத்தனையாவது வரிசை என்று மறந்தால் ஊசியில் உள்ளதை எண்ணினால் தெரிந்துவிடும்.

காய்கறிப் பையில் குரோஷாதான். நிட்டிங் பை இழுபடும். இரண்டு கிலோ வெங்காயம் போட்டால் பை முழங்காலுக்குத் தொங்கும். குரோஷாவிலும் கைப்பிடியை மட்டும் குட்டைத் தையலில், நீளவாக்கில் பின்ன வேண்டும். பெரிய மார்க்கெட்டுக்கு எடுத்துப் போகலாம், மீன் வாங்க மட்டும் வேண்டாம். பருத்திக்குள் ஏறின மீன் வாடை மூன்று துவைப்புக்குப் போகாது.

கைக்குழந்தைக்குத் தொப்பியும் காலுறையும் என்றால் நிட்டிங். குரோஷாவின் உள்பக்கத்திலும் ஓட்டைகளிலும் குழந்தையின் விரல் மாட்டும், தளர்ந்த இழை கால்விரலைச் சுற்றிக்கொண்டால் ஆபத்து. பொம்மைக்கு நேர் எதிர்: குரோஷாதான், குட்டைத் தையல், நூல் லேபிளில் எழுதியிருப்பதைவிட ஒரு மில்லிமீட்டர் சின்னக் கொக்கி. இல்லாவிட்டால் இடைவெளியில் பஞ்சு எட்டிப் பார்க்கும். மூன்று வயதுக்குக் கீழே என்றால் பிளாஸ்டிக் கண் வேண்டாம், நூலாலேயே கண் வைத்துவிடுங்கள்.

முதல் பொருளாக எதைச் செய்வது என்று கேட்டால் டம்ளருக்கு அடியில் வைக்கும் வட்டம். முதல் சுற்றில் 12 உயரத் தையல், இரண்டாவதில் ஒவ்வொன்றிலும் இரண்டு போட்டு 24, மூன்றாவதில் ஒன்று விட்டு ஒன்றில் இரண்டு போட்டு 36. 8 பிளை நூலும் 4 மி.மீ. கொக்கியும் என்றால் 9, 10 செ.மீ. விட்டம் வரும், நூல் பத்து கிராம் அளவில் செலவாகும். வட்டம் கிண்ணம் போலக் குவிந்தால் தையல் குறைந்திருக்கிறது, ஓரம் அப்பளம் போல நெளிந்தால் கூடியிருக்கிறது. பிரிக்காமல் எண்ணிப் பாருங்கள், எந்தச் சுற்றில் பிசகு என்று தெரிந்துவிடும்.

நூல் செலவில் குரோஷா கொஞ்சம் ஊதாரி. அதே பரப்புக்கு நிட்டிங்கைவிட நூல் கூடவே பிடிக்கும், சில தையலில் மூன்றில் ஒரு பங்கு வரை. பதிலுக்கு வேகம் உண்டு. உயரத் தையலில் ஒரு வரிசை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஏறும், கார்டர் பின்னலில் அதே உயரத்துக்கு நான்கு வரிசையாவது வேண்டும்.

ஏமாற்றும் எண்கள்

கடையில் ஊசியை ‘எட்டு’, ‘பத்து’ என்று கேட்டால் பழைய பிரிட்டிஷ் எண்ணில் தருவார்கள். அதில் எண் கூடக் கூட ஊசி மெலியும்: 8 என்றால் 4 மி.மீ., 10 என்றால் 3.25 மி.மீ. யூடியூபில் அமெரிக்கக்காரர் 8 என்றால் அது 5 மி.மீ. மில்லிமீட்டரிலேயே கேட்டு வாங்குங்கள். குரோஷாவில் பெயரே குழப்பும். அமெரிக்க ‘டபுள் குரோஷே’தான் பிரிட்டிஷ் ‘ட்ரெபிள்’, அமெரிக்க ‘சிங்கிள்’தான் பிரிட்டிஷ் ‘டபுள்’. செய்முறையில் ‘சிங்கிள்’ என்ற சொல் வந்தால் அது அமெரிக்க முறை என்று கொள்ளலாம், பிரிட்டிஷ் முறையில் அப்படி ஒரு தையல் கிடையாது.

கடற்கரை ஊர் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். உப்புக் காற்றில் மெல்லிய ஸ்டீல் கொக்கி துருப்பிடித்து நூலில் கறை ஏற்றும், அலுமினியம் தாங்கும். வியர்த்த கையில் அக்ரிலிக் நூலும் பிளாஸ்டிக் ஊசியும் ஒட்டிக்கொண்டு நகராது, மூங்கில் ஊசியும் புழுக்கத்தில் இழுக்கும். வழவழப்பான உலோக ஊசிதான் இங்கே சரி. ஐப்பசி, கார்த்திகை மழையில் தடித்த குரோஷா உலர இரண்டு நாள் ஆகலாம். ஃபேனுக்கு அடியில் படுக்கையாகப் போட்டு உலர்த்துங்கள், கொடியில் தொங்கவிட்டால் நனைந்த பாரமே இழுத்து வடிவம் கெடுக்கும்.

மணிக்கட்டு வலியில் நிட்டிங்குக்கு ஒரு மதிப்பெண் கூட. வேலை இரண்டு கைக்கும் பங்காகிறது. குரோஷாவில் கொக்கி பிடிக்கும் கையே எல்லாவற்றையும் சுமக்கிறது, அதே கைதான் காய் நறுக்குகிறது, போனையும் தள்ளுகிறது. பிள்ளை பெற்ற புதிதில் பெருவிரல் அடியில் வலி இருப்பவர்கள் தடித்த பிடி வைத்த கொக்கியை வாங்கி, இருபது நிமிடத்துக்கு ஒரு முறை கையை நீட்டி மடக்க வேண்டும்.

வால்கள்

துண்டு நேரத்துக்குக் கிரானி சதுரம்தான் கச்சிதம் என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான், ஒரு சதுரம் மஞ்சப்பையில் அடங்கும், பழகிய கைக்கு அரை மணியில் முடியும். வால்களைப் பற்றித்தான் யாரும் வாய் திறப்பதில்லை. சுற்றுக்கு ஒரு நிறம் என்று நான்கு சுற்றுச் சதுரம் போட்டால் ஒன்றுக்கு எட்டு நூல் முனை தொங்கும். 48 சதுரத்தில் ஒரு போர்வை என்றால் 384 முனை. இதைச் செருகுவது துண்டு நேர வேலை அல்ல, ஒரே இடத்தில் உட்கார்ந்து வெளிச்சத்தில் செய்கிற வேலை. பல வீட்டுப் பரணில் பிளாஸ்டிக் கவருக்குள் நாற்பது சதுரம் தூங்குவது இதனால்தான். மூலைத் துணி நிட்டிங்கில் மொத்தமே இரண்டு முனை.

சதுரம்தான் போடுவேன் என்றால் ஒரே நிறத்தில் போடுங்கள், வால் இரண்டாகக் குறையும். பழைய சுற்றின் வாலைப் புதிய தையலுக்குள் மூடிக்கொண்டே போனால் பாதி வேலை அங்கேயே தீரும். ஆறங்குலம் வால் விட்டு, ஒரு திசையில் செருகி, திரும்ப எதிர்த் திசையில் செருகுங்கள். ஒரே திசையில் செருகிய முனை நான்காவது துவைப்பில் வெளியே வந்துவிடும். கடைசிச் சுற்றிலேயே பக்கத்துச் சதுரத்தோடு கோத்துக்கொண்டு போகும் முறையும் உண்டு. மேஜை அளவு வளரும் வரை அது நல்லது, அதற்கு மேல் பஸ்ஸுக்கு எடுத்துப் போக முடியாது. அப்போது பையில் ஒரு வட்ட ஊசியும் பாதித் துணியும் இருக்கட்டும்.