ஆர்ச்சர்ட் தெரு 97: ஒண்டுக்குடித்தனத்துக்குள் ஒரு மணி நேரம்

குடியேறிகள் வாழ்ந்த ஒண்டுக்குடித்தன வீடுகளைக் காட்டும் நியூயார்க்கின் டெனமெண்ட் அருங்காட்சியகத்தை வழிகாட்டியின் துணையுடன்தான் சுற்றிப் பார்க்க முடியும். அதன் மையமான ஆர்ச்சர்ட் தெரு 97ஆம் எண் கட்டடத்தை, ஜெர்மனியிலிருந்து குடியேறிய லூகாஸ் குளோக்னர் என்ற தையற்காரர் 1863இல் கட்டினார். 1935 வரை இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 7,000 பேர் இங்கே குடியிருந்திருக்கிறார்கள். சென்னையின் ஒண்டுக்குடித்தனங்களை அறிந்தவர்களுக்கு இந்த வீடுகளின் நெருக்கத்தை விளக்க வேண்டியதில்லை. ஒரு வீட்டின் பரப்பு சுமார் 325 சதுர அடி. அதற்குள் மூன்று அறைகள். தொடக்கத்தில் வீட்டுக்குள் குழாய்த் தண்ணீர் கிடையாது என்பதால், சமையலுக்கும் துவைப்பதற்கும் வேண்டிய ஒவ்வொரு வாளியையும் பின்கட்டிலிருந்து படியேறிச் சுமந்து வந்தார்கள். கழிப்பறையும் அங்கேதான் இருந்தது.

நான் சென்ற சுற்றில் இரண்டு குடும்பங்களின் வீடுகளைக் காட்டினார்கள். அவற்றுள் நட்டாலி கும்பெர்ட்ஸின் அறைகளை விட்டு வெளியே வர எனக்கு மனம் வரவில்லை. 1873இன் நிதி நெருக்கடி தொழிலாளர்களின் பிழைப்பைக் கெடுத்திருந்த காலத்தில், 1874 அக்டோபரில் ஒரு நாள் வேலைக்குப் புறப்பட்ட அவருடைய கணவர் ஜூலியஸ் திரும்பவே இல்லை. குழந்தைகளுடன் தனித்து நின்ற அந்தப் பெண், வீட்டிலேயே பெண்களுக்கான உடைகளைத் தைத்து வாடகை கட்டினார். பின்னர் கணவர் வழியில் வர வேண்டிய பரம்பரைப் பணத்தைப் பெறுவதற்காக, அவர் இறந்துவிட்டதாக அறிவிக்கும்படி நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது. தாலியைப் பற்றிய நம் ஊர் நம்பிக்கைகளோடு வளர்ந்த எனக்கு, பிள்ளைகளின் சோற்றுக்காக ஒரு பெண் அந்த விண்ணப்பத்தில் கையெழுத்திட்ட தருணத்தை நினைக்கவே நெஞ்சு கனத்தது.

அடுத்தது, இத்தாலியின் சிசிலித் தீவிலிருந்து வந்த பால்டிஸி குடும்பத்தின் வீடு. இங்கே சிறுமியாக வாழ்ந்த ஜோசபீனின் குரலைப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் தச்சரான தந்தைக்கு நிலையான வேலை இல்லாமல் போனதை அந்தச் சமையலறையில் நின்று கேட்கும்போது, வறுமை ஒரு வீட்டின் குரலாகவே நம்மை வந்தடைகிறது.

மறுநாள் இன்னொரு சுற்றில் லெவின் குடும்பத்தின் வீட்டைப் பார்த்தேன். 1890களில் பகலில் அது தையற்கூடமாக இருந்தது: முன்னறையில் தையல் இயந்திரம், அடுப்பில் இஸ்திரிப் பெட்டி, அதற்கு நடுவே குழந்தை.

இரண்டு சுற்றுகளையும் ஒரே நாளில் பார்த்துவிட முயல வேண்டாம். மனம் அவ்வளவைத் தாங்குவதில்லை. எந்தெந்தக் குடும்பங்களின் வீடுகள் இடம்பெறுகின்றன என்பதை அறிந்துகொண்டு முன்பதிவு செய்வது நல்லது. பழைய மாடிப்படிகளில் ஏற வேண்டியிருக்கும் என்பதையும் முதியவர்களை அழைத்துச் செல்பவர்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

அந்தப் படிகளில் இறங்கும்போது கவனித்துப் பாருங்கள். தீப்பாதுகாப்புக்காக அவற்றை மாற்றியமைக்கும் செலவை ஏற்பதைவிடக் குடித்தனக்காரர்களை வெளியேற்றுவதே மேல் என்று 1935இல் உரிமையாளர் முடிவு செய்ததால், பால்டிஸி குடும்பம் மீண்டும் மூட்டை கட்டியது. மேல்தளங்கள் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பூட்டியே கிடந்தன. அதனால்தான் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டப்பட்ட சுவர்த்தாள்கள், உரிந்தும் உரியாமலும், இன்றும் அங்கேயே இருக்கின்றன.