பாஸ்டன் சார்லஸ்டவுன் நேவி யார்டு: கட்டணமில்லை, ஆனால் தலை பத்திரம்!

அமெரிக்கக் கடற்படையின் பழைய பாய்மரப் போர்க்கப்பலான யு.எஸ்.எஸ். கான்ஸ்டிட்யூஷன், இப்போது நிற்கும் இந்தக் கடற்படைக் கப்பல் தளத்திலேயேதான் கட்டப்பட்டது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன், தப்பு. கட்டியது எதிர்க்கரையில், நார்த் எண்டில் இருந்த எட்மண்ட் ஹார்ட்டின் கப்பல் பட்டறையில். இந்த யார்டே 1800இல்தான் தொடங்கியது. 1794 அமெரிக்கச் சட்டப்படி கட்டிய 6 போர்க்கப்பல்களில் இந்தக் கப்பல் ஒன்று. 1797 செப்டம்பரில் தண்ணீரில் இறக்கப் பார்த்தபோது 27 அடி நகர்ந்து அப்படியே நின்றுவிட்டதாம், இரண்டாவது முயற்சியும் பலிக்காமல் அக்டோபர் 21இல்தான் ஒருவழியாக இறங்கியது. நம்ம ஊர்த் தேர் மாதிரி!

கப்பலில் ஏற கட்டணம் இல்லை, பெரியவர்கள் அடையாள அட்டை காட்டினால் போதும். ஏணிப்படி செங்குத்து, கீழ்த்தளத்தில் குனிந்தே நடக்கணும், நான் ஒருதடவை 'ணங்'கென்று இடித்துக்கொண்டேன். பீரங்கித் தளத்தில் பக்கச் சுவரைக் கட்டாயம் கவனியுங்கள். ஜார்ஜியா பக்கத்து லைவ் ஓக் என்ற கெட்டியான மரத்தில் விலாச் சட்டங்களை நெருக்கி நிறுத்தி, உள்ளும் புறமும் வெள்ளை ஓக் பலகை அடித்து, சுமார் 21 அங்குலக் கனம். பிரிட்டனோடு நடந்த 1812 சண்டையில் பிரிட்டிஷ் குண்டுகள் பட்டுத் தெறித்ததால்தான் 'ஓல்டு அயர்ன்சைட்ஸ்' (பழைய இரும்புப் பக்கங்கள்) என்று பெயர்.

அப்புறம் பக்கத்தில் 1833இல் திறந்த கருங்கல் உலர்துறை (கப்பலை உள்ளே விட்டுத் தண்ணீரை வடித்துப் பழுதுபார்க்கும் தொட்டி), படிபடியாக நம் கோயில் குளம் மாதிரியே இருக்கிறது. முதலில் பழுதுபார்க்க உள்ளே வந்ததில் இந்தக் கப்பலும் ஒன்று. அதை விட்டுவிடாதீர்கள். கார் மட்டும் வேண்டாம், நிறுத்தக் கொடுத்த காசு இன்னும் வயிற்றெரிச்சல்.