நுவரெலியாவில் "பேலியோ ஸ்டேக் செய்து தாறோம்" என்றால் நம்ப வேண்டாம்: 68,450 ரூபா போச்சு

68,450 ரூபா. அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்காக நானும் தம்பியும் சேர்த்து வைத்த காசு. ஒரே இரவில் போனது. பெயரைப் போட்டால் அவதூறு, கேஸ் என்று கிளம்புவார்கள், அதனால் போடவில்லை. நுவரெலியாவில் சீசன் கூட்டத்தை நம்பி நடக்கும் ஸ்டேக்ஹவுஸ் ஒன்று, அவ்வளவுதான் சொல்வேன்.

கோயில் பூசை, மரக்கறிச் சாப்பாடு எல்லாம் ஹட்டனில் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் இரவு எல்லாரும் வெளியே சாப்பிட வேண்டும் என்பது தம்பியின் ஆசை. எனக்கு சீனி வருத்தம். டொக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் பேலியோ உணவுமுறையில் இருக்கிறேன். சோறு, ரொட்டி, சீனி, பருப்பு, கிழங்கு எதுவும் இல்லை. இறைச்சி, முட்டை, பட்டர், மரக்கறி உண்டு. அப்படிப் பார்த்தால் ஸ்டேக்ஹவுஸ் மாதிரி வசதியான இடம் வேறு இல்லை. ஒரு துண்டு இறைச்சி, உப்பு, மிளகு, பட்டர். பக்கத்தில் வதக்கிய லீக்ஸும் கோவாவும். லோட் கணக்கில் மரக்கறி விளையும் ஊரில் இதற்கு என்ன கஷ்டம்?

சும்மா போய் உட்காரவில்லை. முன்கூட்டியே கோல் எடுத்து மெனேஜரிடம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். சோஸ் வேண்டாம், சோயா சோஸும் வேண்டாம், அதில் கோதுமை இருக்கிறது. சோள மா போட்டுக் கெட்டியாக்கிய கிரேவி வேண்டாம். அப்பா அம்மா மாட்டிறைச்சி தொடமாட்டார்கள், அவர்களுக்குக் கோழி, வேறு சட்டியில். மனிதர் நல்ல தமிழில், ஆறுதலாகப் பேசினார். "அக்கா, நீங்க ஒண்டுக்கும் யோசிக்காதீங்க. எங்க செஃப் டுபாயில இருந்தவர், பேலியோ எல்லாம் அவருக்கு அத்துப்படி. அப்பா அம்மாவ எங்க அப்பா அம்மா மாதிரி பாத்துக்குவோம்." அந்தக் கடைசி வார்த்தையில்தான் நான் விழுந்தேன். அன்றே 25,000 ரூபா முற்பணம் பேங்கில் போட்டேன். ஸ்பெஷல் டயட் என்று எனக்கும் தம்பிக்கும் தட்டுக்கு 1,500 ரூபா கூடுதல் என்றார். சரி, தனியாகச் செய்கிறார்களே என்று அதற்கும் ஒத்துக்கொண்டேன்.

வந்த தட்டைப் பார்க்க வேண்டும். இறைச்சி மேலே பளபளவென்று கறுப்பாக ஒரு சோஸ், வாயில் வைத்தால் பாணி மாதிரி இனிப்பு. "கோலிஃபிளவர் மசியல்" என்று வைத்தது சுத்தமான உருளைக்கிழங்கு. உருளைக்கிழங்கு எப்படி இருக்கும் என்று நுவரெலியாக்காரர்களுக்கே சொல்லித் தருகிறார்களா? பரிமாறிய பையனைத் தனியே கேட்டேன். பாவம், மெதுவாகச் சொன்னான்: "அக்கா, இறைச்சி காலையிலேயே சோஸில ஊறப்போட்டுத்தான் வெச்சிருப்பாங்க. தனியா ஒண்டும் செய்யல்ல." அதற்குத்தான் தட்டுக்கு 1,500.

என் தட்டைக்கூட விட்டுவிடலாம். அம்மாவின் கோழி மேலே ஊற்றியிருந்த கிரேவி மாட்டெலும்பு வேகவைத்த தண்ணீரில் செய்தது என்று அதே பையன்தான் சொன்னான். அம்மா அதற்குள் இரண்டு வாய் சாப்பிட்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை, தட்டைத் தள்ளிவைத்துவிட்டு இரவு முழுக்கப் பிளேன்டீ மட்டும் குடித்தார். அப்பா "பரவாயில்ல புள்ள, விடு" என்றார்.

அப்புறம் பில். மெனுவில் ஸ்டேக்குக்கு 3,200 என்று பெரிதாகப் போட்டு, கீழே எறும்பு எழுத்தில் "100 கிராமுக்கு". எத்தனை கிராம் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. 350 கிராம் என்று அவர்களே போட்டு ஒரு தட்டு 11,200. அதுவும் பச்சை இறைச்சியின் எடை, வெந்து தட்டுக்கு வரும்போது அவ்வளவு இராது. மேலே 10% சேவைக் கட்டணம், 18% வற் வரி. மொத்தம் 68,450. முற்பணம் போக 43,450 கார்டில் இழுத்தார்கள். எங்கள் அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்து வளர்த்த பிள்ளைகள் நாங்கள். 2024இல் 1,350 ஆக்கிய தோட்ட நாட்சம்பளத்தில் கணக்குப் பார்த்தால் இது ஐம்பது பேரின் ஒருநாள் சம்பளத்துக்கும் மேலே!

அன்றிரவு மெனேஜர் "பொஸ் கொழும்பில, நாளைக்குப் பேசுவார்" என்றார். நாளைக்கு பொஸ் மீட்டிங்கில். அதற்கடுத்து "செஃப் லீவு, அவர் வந்தாத்தான் தெரியும்." வட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. கடைசியில் ஒரு வொய்ஸ் மெசேஜ்: "மேடம், நீங்க சாப்பிட்டுட்டீங்கதானே, சாப்பிட்டதுக்கு ரிஃபண்ட் தர ஏலாது. அடுத்த முறை வாங்க, 10% குறைச்சுத் தாறோம்." முற்பணம் போடும்வரை அக்கா, காசு கேட்டதும் மேடம்.

போகிறவர்களுக்கு விவரமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத எழுத ஆத்திரம்தான் வருகிறது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். பேலியோ, சீனி வருத்தம், மாடு சாப்பிடாதவர்கள் என்று எது இருந்தாலும் வாய்ப்பேச்சை நம்பாமல் வட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். ஸ்டேக் விலை தட்டுக்கா, 100 கிராமுக்கா என்று கேளுங்கள். பெரிய முற்பணம் போடாதீர்கள். வற் வரி போட்டால் பில்லில் வற் பதிவு இலக்கம் இருக்கிறதா பாருங்கள், அது 7000 என்று முடியும். பதிவில்லாத கடை அந்த வரியை வாங்கவே முடியாது. எங்கள் பில்லில் இலக்கமே இல்லை. முறைப்பாடு செய்ய பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977. பில், பேங்க் ஸ்லிப், அந்த வொய்ஸ் மெசேஜ் மூன்றையும் எடுத்து வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை முதல் வேலையாக அங்கே கோல் எடுக்கிறேன்.