பொட்டலில் மரம் வைத்துத் தரும் குழு: ஐந்துக்கு நாலு

"எப்போது வந்து இடத்தைப் பார்ப்பீர்கள்?" என்று போனில் கேட்டதற்கு, "மழை பெய்யட்டும் ஆச்சி, அப்ப வர்றோம்" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. காரைக்குடியிலிருந்து அரை மணி நேரம் கூட ஆகாது, காசு கொடுக்கத் தயாராக இருக்கிறேன், ஒரு எட்டு வந்து பார்த்து விலை சொல்ல இவர்களுக்கு மழை வேண்டுமாம். அது நடந்து மூன்று ஐப்பசி முடிந்துவிட்டது. தரிசு நிலத்தில் மரம் வைக்க ஆள் தேடுகிறவர்கள் என்னிடம் அடிக்கடி விசாரிப்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். குழுவுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. புதுவயல் பக்கத்துப் பெண்கள் சிலர், கூட நாலைந்து இளவட்டங்கள், ஒரு சின்ன நாற்றங்கால், அவ்வளவுதான்.

முதலில் என் நிலத்தின் ஜாதகம். அப்பச்சி வழியில் வந்த இரண்டு ஏக்கர் சொச்சம். மேலே ஒரு சாண் செம்மண், அதற்குக் கீழே செம்பூராங்கல், கடப்பாரை போட்டால் பொறி பறக்கும். ஐயா காலத்தில் வரகும் கேழ்வரகும் விளைந்த புஞ்சை என்பார்கள், எனக்குத் தெரிந்து விளைந்தது சீமைக்கருவேலம்தான். 2017-இல் அதை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவு வந்து ஊரெங்கும் ஜேசிபி ஓடியதே, அந்த வேகத்தில் நானும் ஒரு பாதியை வேரோடு வழித்துப் போட்டேன். சுத்தமாக இருக்கிறது என்று பெருமைப்பட்டேன். அடுத்த மழையில் மேல்மண் போயே போய்விட்டது, வழிக்காத பாதியில் முள்ளாவது மிஞ்சியது. பிறகு வெளியூர் நிறுவனம் ஒன்று (பெயர் வேண்டாம்) தை மாதத்தில் வந்து ஒரே வாரத்தில் நானூறு கன்று நட்டது. எல்லாம் ஆறடிக் கன்று, சொட்டுநீர்க் குழாய், போட்டோ, வீடியோ எல்லாம் உண்டு. சித்திரை முடிவதற்குள் குழாய் மட்டும் பாக்கி, அதையும் எலி கடித்துவிட்டது. கேட்டால் "உங்க மண்ணு சரியில்ல மேடம்".

ஆக, இந்தக் குழு ஐப்பசி அடைமழையில் குடையோடு வந்து இறங்கியபோது எனக்குப் பெரிய நம்பிக்கை ஒன்றும் இல்லை. இரண்டு பெண்கள், ஒரு பையன். ஒரு மணி நேரம் நிலத்தைச் சுற்றியே நடந்தார்கள். தண்ணீர் எங்கே விழுகிறது, எங்கே கூடுகிறது, எந்த மூலையில் வெளியேறுகிறது என்று பார்த்துப் பார்த்துக் குச்சி ஊன்றினார்கள். தென்மேற்கு மூலையில் ஒரு சின்ன ஓடையே ஓடியது, காப்பி நிறத்தில். தலைவி மாதிரி இருந்த பெண் அதில் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து என் கார் முன்பக்கத்தில் வைத்தார். பேசி முடிக்கும்போது பாட்டிலின் அடியில் ஒரு விரற்கடை மண் படிந்திருந்தது. "இதான் ஆச்சி உங்க நிலம், ரோட்டுக்குப் போயிக்கிட்டு இருக்கு."

அப்புறம் ஒரு கணக்குச் சொன்னார்கள், வீட்டுக்கு வந்து நானே போட்டுப் பார்த்தேன், சரிதான். ஒரு சென்டிமீட்டர் மழை ஒரு ஏக்கரில் விழுந்தால் 40,000 லிட்டர். நம் பக்கம் வருடத்துக்கு 900 மில்லிமீட்டர் ஒட்டிப் பெய்கிறது, அதில் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில். இவ்வளவையும் விட்டுவிட்டு மாசியில் டேங்கர் தேடுகிறோம். எங்கள் வீட்டில் மழை வந்தால் வளவு முற்றத்தில் கூரைத் தண்ணீர் விழும் இடமெல்லாம் அண்டாவும் குடமும் வைத்து ஒரு சொட்டு வீணாகாமல் பிடித்த ஆயா, இந்தப் புஞ்சைத் தண்ணீர் ஓடுவதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியும், இங்கே எழுத முடியாது.

முதல் வருடம் ஒரு கன்றுகூட வைக்கவில்லை. அந்தத் தையில் நிலம் ஈரமாக இருக்கும்போதே குழி வெட்ட ஆரம்பித்தார்கள். மூன்று மூங்கில் கழியை ஆங்கில A எழுத்து மாதிரி விரித்துக் கட்டி, நடுவில் நூலில் ஒரு கல்லைத் தொங்கவிட்டு, அதை வைத்தே சரிவில் ஒரே மட்டமாக இருக்கும் இடங்களைக் கண்டுபிடித்துச் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டார்கள். சர்வே கருவி எதுவும் கிடையாது. அந்தக் கோட்டில், சரிவுக்குக் குறுக்கே, 3 மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழத்தில் அறுபது குழிகள். ஒன்றுக்கு 750 லிட்டர் பிடிக்கும். மேல் வரிசையில் இரண்டு குழிக்கு நடுவே தப்பி வரும் தண்ணீர் கீழ் வரிசைக் குழியில் போய் விழுகிற மாதிரி மாற்றி மாற்றி வெட்டினார்கள். வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் வரப்பாக்கி அதில் கொழிஞ்சியும் ஆவாரையும் விதைத்தார்கள். நூறு நாள் வேலையில் வரப்பு வெட்டிப் பழகிய கைகள், நேர்த்தி அப்படி இருந்தது.

மிஞ்சியிருந்த சீமைக்கருவேலத்தை ஒரேயடியாக எடுக்க மறுத்துவிட்டார்கள், பட்டை பட்டையாகத்தான் எடுப்போம், நிழலும் வேரும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று. எடுத்த விறகைக் கரிமூட்டம் போடுகிறவரிடம் விற்று என் கணக்கில் கழித்துவிட்டார்கள். பங்குனியில் ஆடு மேய்க்கும் கீதாரி ஒருவரிடம் பேசி, உரத்துக்காக மூன்று இரவு நிலத்தில் ஆடுகளை அடைத்துக் கிடை போட்டார்கள். உறவுக்காரர்கள், "காசு கொடுத்துக் குழி வெட்டி ஆட்டுப் புழுக்கை வாங்கியிருக்கிறாய்" என்று சிரித்தார்கள். எனக்கும் உள்ளூரப் பதற்றம்தான். பிறகு புதுச்சேரி பக்கத்து ஆரோவில் பற்றித் தேடிப் படித்தேன். 1968-இல் அங்கே தொடங்கியபோதும் இதே மாதிரி அரித்துப்போன செம்மண் மேடுதான். மழைத் தண்ணீர் வெளியே ஓடாமல் வரப்புப் போட்டுத்தான் அங்கே காடு வந்தது. படித்த பிறகு கொஞ்சம் தூக்கம் வந்தது.

நாற்றங்காலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அய்யனார் கோயில்காடுகளில் கீழே உதிர்ந்து கிடக்கும் விதையை மட்டும் பொறுக்கி வந்து முளைக்க வைக்கிறார்கள், அதுவும் சாமியிடம் கேட்டுவிட்டுத்தான், கிளையில் கை வைப்பதில்லை. வீரை, காசான், குருந்து, பாலை, உசிலை, வெப்பாலை, இலுப்பை என்று இருக்கிறது. பாதிப் பெயர் எனக்கே புதிது, ஆனால் நம் பக்கத்து வறட்சிக்குத் தலைமுறை தலைமுறையாக ஈடுகொடுத்து நிற்கிற மரங்கள் இவைதான். மாவும் தேக்கும் கேட்டேன். "மா வேணும்னா வீட்டுக்கொல்லையில வைங்க ஆச்சி" என்று முடித்துவிட்டார்கள். கன்று எல்லாம் ஒரு முழம்தான். இவ்வளவு சின்னதா என்றதற்கு ஒரு பையைக் கிழித்துக் காட்டினார்கள். பெரிய கன்றாகும்வரை பையிலேயே கிடந்தால் வேர் உள்ளுக்குள் சுருண்டுவிடும், நட்ட பிறகும் சுருண்டபடியேதான் இருக்கும். எனக்கு அந்த நானூறு ஆறடிக் கன்றும் ஞாபகம் வந்தது.

சிலருக்குப் பிடிக்காத ஒரு விஷயம் உண்டு. தனியார் நிலத்தில் வேலை வேண்டுமென்றால் ஊர் வேலைக்கும் பங்கு தர வேண்டும். நம் ஊர்க் கோயிலுக்குக் குடும்பத்துக்கு ஒரு புள்ளி என்று புள்ளிவரி போடுவோமே, அதே மாதிரி ஏக்கருக்கு ஒரு புள்ளி என்று வைத்திருக்கிறார்கள். அந்தப் பணத்தில் ஊருணிக்குத் தண்ணீர் வரும் வரத்துக்காலைத் தூர்வாருகிறார்கள். முதலில் எனக்கும் கசந்தது, கட்டாய நன்கொடை மாதிரி. பிறகுதான் புரிந்தது, என் புஞ்சைக்கு மேலே இருக்கிற மூன்று பேர் நிலத்திலும் வரப்பு நின்றால்தான் என் குழி தாங்கும். ஆட்டுக்காரர்களோடும் அவர்களே பேசி முடித்தார்கள்: மூன்று வருடம் உள்ளே மேய்ச்சல் இல்லை, புல்லை மட்டும் அறுத்துக்கொள்ளலாம். வேலி, வெட்டி நட்டால் துளிர்க்கும் கிளுவைப் போத்துதான். முள்கம்பிக்கு நான் எடுத்து வைத்திருந்த பணம் மிச்சம்.

இப்போது நிலவரம். வைத்தது 350, இரண்டு கோடை தாண்டி நிற்பது 262. முதல் கோடையில் மட்டும் வாரம் ஒரு குடம் ஊற்றினார்கள், அதோடு சரி. ஆவாரை பூத்துக் கிடக்கிறது, தென்மேற்கு மூலையில் இப்போது ஓடை இல்லை. கிணறு ஊறிவிட்டதா என்று கேட்காதீர்கள், இரண்டே வருடத்தில் நிலத்தடி நீர் பொங்கிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பவும் நம்பாதீர்கள்.

ஒரு மதிப்பெண்ணை ஏன் குறைத்தேன் என்றால், கணக்கு வழக்கு மோசம். ரசீது கேட்டு மூன்று மாதம் அலைந்தேன், கடைசியில் நோட்டுத் தாளில் எழுதித் தந்தார்கள். பட்டுப்போன 88 கன்றுக்குப் பதிலாக 40 தான் வந்தது, மீதி "அடுத்த ஐப்பசி". போன் எடுப்பதே இல்லை, களை எடுக்க மார்கழி என்று சொன்னவர்கள் மாசியில் வந்தார்கள். குழியில் தண்ணீர் நிற்கும் நாட்களில் கொசு வரும், அதையும் முன்பே யாரும் சொல்லவில்லை.

விறகுப் பணம் கழித்து எனக்கு மொத்தம் 64,000 ஆனது, ஊர்ப்பங்கு சேர்த்து. முந்தைய நிறுவனத்துக்குக் கொடுத்ததில் பாதிகூட இல்லை. நிலம் வாங்கிப் போட்டு இரண்டு வருடத்தில் தோப்பு வீடு கட்டலாம் என்று நினைப்பவர்களுக்கு இது ஒத்துவராது, பொறுமை இருந்தால் கூப்பிடுங்கள். ஆடியில் சொல்லி வைத்தால்தான் ஐப்பசி மழைக்கு வந்து பார்ப்பார்கள். கன்று மட்டும் வேண்டுமென்றால் நாற்றங்காலுக்கு நேரே போகலாம், ஒன்று 30 ரூபாய். ஜிபே உண்டு, சில்லறைதான் கிடைக்காது.