செனட்டர்ஸ் அணியின் புது அரங்கம்: கனாட்டாவா, லெப்ரெட்டனா?

ஒட்டாவா செனட்டர்ஸ் அணிக்குப் புது ஐஸ் ஹாக்கி அரங்கம் எங்கே கட்டுவது என்ற பேச்சு பத்து வருடத்துக்கும் மேலாக இழுபடுகிறது. 2025 ஆகஸ்டில், நகர மையத்தை ஒட்டிய லெப்ரெட்டன் ஃப்ளாட்ஸில் சுமார் 11 ஏக்கரை 3.72 கோடி கனடிய டாலருக்கு அணிக்கு விற்க, மத்திய அரசின் தேசியத் தலைநகர ஆணையம் உடன்பட்டது. நிலத்துக்கு விலை பேசியதும் அரங்கம் எழுந்துவிடாது. கனாட்டாவில் இப்போது ஆடுகிற இடத்திலேயே கட்டினால் போதும் என்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சிலும் நியாயம் உண்டு. என் சாய்வு லெப்ரெட்டன் பக்கம்தான். அதற்கான முக்கியக் காரணம் ஆட்டம் முடிந்து கூட்டம் கலையும் விதம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

தெரிந்த விஷயங்களை வேகமாகத் தாண்டிவிடலாம். கனாட்டா நகர மையத்திலிருந்து மேற்கே சுமார் 25 கி.மீ.; கார் நிறுத்த இடம் தாராளம், நிலம் சுத்தம், சுற்றிலும் கட்டுமானத்துக்கு இடையூறில்லை. லெப்ரெட்டன் நாடாளுமன்றத்திலிருந்து நடக்கும் தூரம். ஆறு, போர் அருங்காட்சியகம், ரயில் எல்லாம் பக்கத்தில். படம் பிடித்தால் எது அழகாக இருக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. லான்ஸ்டவுன் பூங்காவைச் சொல்பவர்களும் உண்டு. அணி 1992 முதல் 1996 தொடக்கம் வரை அங்கேதான் ஆடியது. ஆனால் அங்கே ரயில் கிடையாது, பேங்க் தெரு ஒன்றுதான் முக்கிய வழி. 18,000 பேருக்கு அது ஆகாது.

கனாட்டாவில் நிலம் மலிவு என்ற வாதத்தை மட்டும் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். அங்கே இப்போதுள்ள அரங்கம் விளைநிலத்தில் எழுந்தது. அரங்கத்தைச் சுற்றி ஒரு குட்டி நகரமே கட்டி, நிலத்தின் மதிப்பு ஏறுவதில் கடனை அடைப்பது என்பதுதான் முதல் உரிமையாளர்களின் கணக்கு. 1991-இல், நிலப் பயன்பாட்டு வழக்குகளைத் தீர்க்கும் ஒன்டாரியோ நகராட்சி வாரியம் அனுமதி கொடுத்தது, நிபந்தனைகளோடு. 22,500 இருக்கைகள் 18,500 ஆகக் குறைய வேண்டும். சுற்றியுள்ள நிலத்தில் கட்டக் கூடாது. 417 நெடுஞ்சாலையில் இறங்கி ஏறும் சந்திப்பை அணியே தன் செலவில் போட வேண்டும். வருமானத்துக்கு நம்பியிருந்த வழி அடைபட்டது, செலவு மட்டும் கூடியது. 1996 ஜனவரியில் பல்லேடியம் என்ற பெயரில் அரங்கம் திறந்தது. 2003 ஜனவரியில் அணி திவால் பாதுகாப்புக்குப் போனது. கனடிய டாலரின் வீழ்ச்சி உட்பட வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் புறநகர் நிலத்தின் விலையில் சாலைச் செலவு சேராது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

இப்போது முக்கியமான விஷயம். ஒரு பருவத்தில் சொந்த ஊரில் நாற்பதுக்கு மேல் ஆட்டங்கள். அவற்றில் பெரும்பாலானவை வேலை நாளில், இரவு 7 மணிக்கு. முடியும்போது 9.30 தாண்டிவிடும். ஜனவரி மாத செவ்வாய்க்கிழமை, வெளியே மைனஸ் 20 டிகிரி, மறுநாள் காலை வேலை. சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்கலாமா வேண்டாமா என்று ஒரு குடும்பம் முடிவெடுப்பது இந்த இரவுகளை வைத்துத்தான். சனிக்கிழமை டொராண்டோ அணியோ மான்ட்ரியல் அணியோ வந்தால் எங்கே வைத்தாலும் அரங்கம் நிறையும். அதை வைத்து இடத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. 2017-இல் அணி பிளேஆஃபில் கிழக்குப் பிரிவு இறுதி வரை போன வருடத்திலேயே சில ஆட்டங்களில் காலி இருக்கைகள் தெரிந்தன. அந்த ஆண்டே மேல் அடுக்கில் சுமார் 1,500 இருக்கைகளைத் துணி போட்டு மூடினார்கள்.

கனாட்டாவில் கூட்டம் எப்படிக் கலைகிறது என்று ஒரு தோராயக் கணக்கு போடுவோம். 18,000 பேரில் 85 சதவீதம் காரில், காருக்கு 2.5 பேர் என்றால் 6,000 கார்களுக்கு மேல். மூன்றில் இரண்டு பங்கு கிழக்கே, ஒட்டாவா நோக்கிப் போகிறவை; அது 4,000. நெடுஞ்சாலையில் ஏறும் ஒரு தடத்தில் நல்ல வானிலையில் மணிக்கு 1,500 முதல் 1,800 கார் வரை போகும். பல்லேடியம் டிரைவ், டெர்ரி ஃபாக்ஸ் இரண்டிலும் ஏறினாலும் கடைசிக் கார் வெளியேற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பனி விழுந்தால் தடத்தின் கொள்ளளவு குறையும். ஓரமாகக் குவித்த பனி கார் நிறுத்துமிடங்களையும் தின்றுவிடும். இதனால்தான் கடைசியான மூன்றாம் பகுதி ஆட்டத்தில் பத்து நிமிடம் மீதி இருக்கும்போதே கூட்டம் எழ ஆரம்பிக்கிறது. போலீஸை நிறுத்திச் சிக்னலை மாற்றினால் கொஞ்சம் சீராகும், ஆனால் ஏறும் தடத்தின் அகலம் மாறாது. தடம் கூட்டினாலோ, குயின்ஸ்வேயில் (417-இன் நகரப் பகுதி) கிழக்கே போகப் போக நெரிசல் இடம் மாறி உட்காரும், அவ்வளவுதான்.

ஆட்டம் காணப் பேருந்தும் உண்டு. ஆனால் அதுவும் அதே நெடுஞ்சாலையில்தான் போக வேண்டும். ஆற்றின் மறுகரையிலுள்ள கட்டினோவிலிருந்து வருகிறவருக்கு ஒரு பாலம், பிறகு குயின்ஸ்வே முழுதும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மூன்று லட்சத்துக்கு நெருங்கிய மக்கள் இருக்கிறார்கள். அவர்களை வேலை நாளில் கனாட்டாவுக்கு வரவழைப்பது கடினம். லெப்ரெட்டனுக்கு ஷோடியேர் பாலம் தாண்டினால் போதும்.

லெப்ரெட்டனில் கணக்கு வேறு மாதிரி. ஒட்டாவாவின் நகர ரயிலான கன்ஃபெடரேஷன் ரயில் 2019 செப்டம்பரில் ஓடத் தொடங்கியது. நிலத்தின் கிழக்கு ஓரத்தில் பிமிசி நிலையம், மேற்கே பேவியூ. இரண்டு பெட்டித் தொடர் இணைந்த ரயிலில் ஏட்டளவில் 600 பேர். குளிர் கோட்டும் கையில் குழந்தையுமாக ஏறினால் 450 என்று வைப்பதே நேர்மை. பாதிக் கூட்டம், அதாவது 9,000 பேர், ரயிலை நம்பினால் கிழக்கே 5,000, மேற்கும் தெற்கும் 4,000 என்று கொள்ளலாம். நான்கு நிமிடத்துக்கு ஒரு ரயில் விட்டால் ஒரு திசையில் மணிக்கு 6,750 பேர். கிழக்குக் கூட்டம் 45 நிமிடத்தில் தீரும். அதே ரயிலைப் பத்து நிமிடத்துக்கு ஒன்று என்று விட்டால் மணிக்கு 2,700 பேர்தான். பிளாட்பாரத்தில் நிற்பவருக்கு கனாட்டாவே தேவலை என்று தோன்றிவிடும். ஆகவே ரயில் நிலையம் பக்கத்தில் இருப்பது மட்டும் போதாது. ஆட்டம் முடியும் நேரத்துக்கு எத்தனை ரயில், எத்தனை ஓட்டுநர், யார் செலவு என்பது அணிக்கும் நகராட்சிக்கும் இடையே எழுத்தில் இருக்க வேண்டும்.

இன்னொரு சிக்கலை யாரும் அதிகம் பேசுவதில்லை. கிழக்கே போகும் ரயில் முதலில் பேவியூவில் நின்றுவிட்டுத்தான் பிமிசிக்கு வருகிறது. இரண்டு நிலையத்துக்கும் கூட்டம் தன்னிச்சையாகப் பிரிந்து போனால், பேவியூவில் ஏறியவர்கள் ரயிலை நிரப்பிவிடுவார்கள்; பிமிசியில் நிற்பவர்கள் இரண்டு மூன்று ரயிலை விட வேண்டிவரும். சரியான வழி, அரங்கத்தின் வாசலிலேயே திசைப்படி கூட்டத்தைப் பிரிப்பது: கிழக்கே போகிறவர் பிமிசிக்கு, மேற்கே போகிறவரும் தெற்குப் பாதையான இரண்டாம் தடத்துக்கு மாறுகிறவரும் பேவியூவுக்கு. இரண்டாம் தடம் பெரும்பாலும் ஒற்றைத் தண்டவாளம், 12 நிமிடத்துக்கு ஒரு ரயில். அதை அவசரத்துக்கு அடிக்கடி விட முடியாது. அதனால் தெற்குக் கூட்டத்துக்குப் பேருந்தும் நிறுத்தி வைக்க வேண்டும். காலி ரயில்களை முன்கூட்டியே மேற்குப் பக்கம் தயாராக வைப்பதும் இதில் சேரும்.

ரயிலே நின்றுவிட்டால்? இந்தக் கேள்வியை ஒட்டாவாவில் யாரும் சும்மா கேட்கவில்லை. 2021 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் இரண்டு தடம்புரளல்கள். இரண்டாவதற்குப் பிறகு சேவை பல வாரம் முழுக்க நின்றது. பொது விசாரணையே நடந்து 2022 நவம்பரில் அறிக்கை வந்தது. இது லெப்ரெட்டனின் உண்மையான பலவீனம். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. மையத்தில் ரயில் நின்றால் நடக்கலாம், பேருந்து உண்டு, பிரெஸ்டன் தெருவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாம். எல்லாரும் ஒரே நிமிடத்தில் கிளம்ப வேண்டியதில்லை என்பதே பாதி நெரிசலைக் குறைக்கும். கனாட்டாவில் நெடுஞ்சாலை அடைத்தால் போக்கிடமே இல்லை. சியாட்டிலில் கிராக்கன் அணியின் டிக்கெட்டிலேயே பொதுப் போக்குவரத்துக் கட்டணம் அடங்கும். ஒட்டாவா முதலில் காப்பியடிக்க வேண்டியது அதைத்தான்.

லெப்ரெட்டனின் இரண்டாவது பிரச்சினை மண். மர ஆலைகளும் ரயில் யார்டுகளும் இருந்த இடம். 1962-இல் அரசு குடியிருப்புகளைக் கையகப்படுத்தி இடித்த பிறகு பெரும்பகுதி தரிசாகவே கிடந்தது. அரங்கம் கட்டும்போது பனித்தளத்தை வழக்கமாகத் தெருமட்டத்துக்குப் பல மீட்டர் கீழே இறக்குவார்கள், அப்போதுதான் நுழைகிறவர் நடுத்தட்டில் வந்து சேர்வார். அப்படித் தோண்டும்போது மாசுபட்ட மண்ணைத் தனித்தனியாகச் சோதித்து உரிமம் பெற்ற கிடங்குக்கு லாரியில் அனுப்ப வேண்டும், ஊறும் நீரையும் சுத்திகரித்தே வெளியேற்ற வேண்டும். தோண்டாமல் மேலே தூக்கிக் கட்டினால் மண்செலவு குறையும். படிக்கட்டும் எஸ்கலேட்டரும் கூடும், கட்டிடமும் அக்கம்பக்கத்தை மறைக்கும். மண்செலவு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குக் கால்கரி உதாரணம். மரத்தைப் பதப்படுத்தும் கிரியோசோட் ரசாயனம் ஊறிய வெஸ்ட் வில்லேஜில் 2015-இல் முன்வைத்த கால்கரிநெக்ஸ்ட் அரங்கத் திட்டத்துக்கு கால்கரி ஃப்ளேம்ஸ் அணி சொன்னது சுமார் 89 கோடி டாலர். மண் சுத்தமும் மற்ற செலவும் சேர்த்து 2016-இல் நகராட்சி போட்ட கணக்கு 180 கோடி. திட்டம் படுத்துவிட்டது. புது அரங்கம் இப்போது விக்டோரியா பூங்காவில், பழைய அரங்கமான சேடில்டோமுக்குப் பக்கத்திலேயே எழுகிறது. லெப்ரெட்டனில் 3.72 கோடி என்ற நிலவிலையை மட்டும் பார்த்து யாரும் குதூகலிக்க வேண்டாம் என்பது இதனால்தான்.

11 ஏக்கரிலும் நெருக்கடி வரும். பெரிய இசை நிகழ்ச்சி ஒன்று 20 லாரிக்கு மேல் சாமானோடு வரும். அவை வரிசையில் நிற்கவும், சரிவில் இறங்கித் திரும்பவும், இரவோடு இரவாக ஏற்றிக் கிளம்பவும் இடம் வேண்டும். கனாட்டாவில் இது ஒரு பிரச்சினையே அல்ல. லெப்ரெட்டனில் வரைபடத்தின் முதல் கோடாக லாரிப் பாதையைப் போடாவிட்டால், பிற்பாடு மக்கள் நடக்கும் சதுக்கத்திலேயே லாரி நிற்கும்.

கனாட்டா தரப்பின் வலுவான வாதம், வென்றால் கூட்டம் எங்கேயும் வரும் என்பது. ஃப்ளோரிடா பாந்தர்ஸ் ஆடுவது சன்ரைஸ் என்ற புறநகரில். 2024, 2025 இரண்டு வருடமும் ஸ்டான்லி கோப்பை அவர்களுக்கே. சரிதான். ஆனால் அரங்கம் முப்பது வருடம் நிற்கும். அதில் அணி சுமாராக ஆடும் வருடங்களே அதிகம். கிளெண்டேலில் புறநகர் அரங்கத்தை நம்பிய கயோட்டீஸ் கடைசியில் அரிசோனாவையே விட்டு 2024-இல் யூட்டாவுக்குப் போன கதையை மறக்கக் கூடாது. அங்கே தூரம் மட்டுமே காரணம் இல்லை, உரிமையாளர் சிக்கலும் சேர்ந்தது. மறுபக்கம், மையத்தில் கட்டினால் சுற்றுவட்டாரம் தானாக வளரும் என்பதும் பொய். டெட்ராய்ட்டில் 2017-இல் அரங்கம் வந்தது. வாக்குறுதி கொடுத்த குடியிருப்புகளும் கடைகளும் பெரும்பாலும் வரவில்லை, கார் நிறுத்துமிடங்களே மிஞ்சின. லெப்ரெட்டனில் அரங்கத்தோடு வீடுகளும் எழுவதற்குத் தேதியும் அபராதமும் ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் இங்கேயும் அதுதான். 2016-இல் தேர்வான முந்தைய திட்டம் கூட்டாளிகள் ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டு 2019-இல் கவிழ்ந்தது. இம்முறை உரிமையாளர் மைக்கேல் ஆண்ட்லாயரின் நிறுவனம் ஒன்றே நேரடியாக வாங்குவது ஒரு நல்ல மாற்றம்.

ஆர்ன்பிரயர், பெர்த் போன்ற மேற்கு ஊர்க்காரர்களுக்கு லெப்ரெட்டன் நிச்சயம் சிரமம்தான். அவர்களுக்கு, மேற்கே நீளும் ரயில் பாதையின் முனையில் பெரிய கார் நிறுத்துமிடமும், ஆட்ட இரவில் அங்கிருந்து நேர் பேருந்தும் வேண்டும். அவர்களில் எத்தனை பேர் சீசன் டிக்கெட்டைத் தொடர்வார்கள் என்பது முதல் இரண்டு பருவத்தில்தான் தெரியும்.

கடைசியாக, கனாட்டாவின் பழைய கட்டிடம். அதைத் திறந்தே வைத்தால் இசை நிகழ்ச்சிகளுக்கு இரண்டு அரங்கமும் வாடகையைக் குறைத்துப் போட்டி போடும். ஒட்டாவா அளவு ஊருக்கு அது தாங்காது. புது அரங்கத்துக்கு அனுமதி கொடுக்கும்போதே பழையதை இடிக்கும் தேதியையும், அந்த நிலத்தில் வீடு கட்ட மண்டல மாற்றத்தையும் நகராட்சி ஒரே கட்டாகப் பேசி முடிக்க வேண்டும்.