சர்ச் கன்சோலா, ஸ்க்ரீமிங் ஃப்ராக்கா?

நம் இணையதளம் தேடலில் சரியாகத் தெரிகிறதா என்று ஆடிட் செய்ய உட்கார்ந்தால் முதலில் எதைத் திறப்பது? கூகுள் சர்ச் கன்சோல் இலவசம். தளம் நம்முடையது என்று நிரூபித்தால் போதும். எந்தப் பக்கம் இண்டெக்ஸில் (கூகுளின் தேடல் பட்டியலில்) இருக்கிறது, எது இல்லை என்று காட்டும். எந்தத் தேடலுக்கு எத்தனை கிளிக் என்பதை 16 மாதக் கணக்கோடு காட்டும். இது கூகுளே தரும் தகவல், ஊகம் அல்ல.

ஸ்க்ரீமிங் ஃப்ராக் கணினியில் நிறுவும் மென்பொருள். லிங்க் லிங்க்காகப் போய் உடைந்த இணைப்பு, இரட்டைத் தலைப்பு, சுற்றிச் சுற்றி வரும் ரீடைரக்ட் (ஒரு முகவரியிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பிவிடுவது) எல்லாவற்றையும் பிடித்துவிடும். இலவசப் பதிப்பு 500 முகவரிகளோடு நின்றுவிடும். அடுத்தவர் தளத்தையும் அலசலாம் (போட்டியாளரை எட்டிப்பார்க்காதவர் யார்!).

ஏஐ உதவியாளர்கள் விஷயத்தில்தான் சுவாரசியம். தளங்களைப் படித்துப்போகும் நிரல்களுக்குக் கிராலர் என்று பெயர். கூகுளின் கிராலரான கூகுள்பாட், பக்கத்தில் உள்ள ஜாவாஸ்கிரிப்ட் நிரலை இயக்கிப் பார்க்கும். ஏஐ கிராலர்கள் பலவும் இயக்குவதில்லை. அதனால் ஜாவாஸ்கிரிப்ட் வழியே உரை வரும் பக்கம் கன்சோலில் பச்சையாக (சரியாக) தெரிந்தாலும் அவற்றுக்கு வெற்றுத்தாளாக இருக்கலாம். ஸ்க்ரீமிங் ஃப்ராக்கின் இலவசப் பதிப்பும் ஜாவாஸ்கிரிப்டை இயக்காது. குறைதான், ஆனால் இங்கே அதுவே உதவி: அதற்குத் தெரியாத உரை அந்தக் கிராலர்களுக்கும் தெரியாது என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், எந்தக் கிராலர் வரலாம், எது வரக்கூடாது என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பை (robots.txt) கையால் திறந்து பாருங்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐயின் கிராலர்களில் ஜிபிடிபாட் ஏஐயைப் பயிற்றுவிக்க, ஓஏஐ-சர்ச்பாட் தேடலுக்கு. முதலாவதைத் தடுக்கப்போய் இரண்டாவதையும் சேர்த்துத் தடுத்துவிடுகிறார்கள்.

சிறு தளமென்றால் கன்சோலில் தொடங்குவேன். ஜாவாஸ்கிரிப்டில் கட்டிய தளமென்றால் தவளைதான் (ஸ்க்ரீமிங் ஃப்ராக்) முதலில்.