மாட்டு வியாபாரியின் நோட்டு: அங்க அடையாளமா, வில்லை எண்ணா?

‘செவலைக் காளை, நெற்றிச் சுட்டி, இடக்கொம்பு மொக்கை, ஆறு பல்’ — போச்சம்பள்ளிச் சந்தைக்கு வரும் பழைய வியாபாரி இப்படித்தான் எழுதுவார். காதில் மாட்டும் எண் வில்லை அறுந்து விழுந்தாலும் மாட்டை அடையாளம் காட்டும் வரி இது. ஆனால் பர்கூர் இன மாடுகள் பெரும்பாலும் செவலையில் வெள்ளைத் திட்டுதான். நான்கைந்தை ஒன்றாக வாங்கினால் எது யாரிடம் வாங்கியது?

12 இலக்க வில்லை எண்ணில் அந்தக் குழப்பமில்லை. தடுப்பூசி விவரமும் அதன்பேரில் பதிவாகிறது. ஓர் இலக்கம் பிசகினால் மட்டும் வேறு மாடாகிவிடும். வில்லையைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்வது நல்லது.

தமிழ்நாட்டின் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி, மாடு அறுக்கச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழில் உள்ளது இந்த மாடுதான் என்று காட்ட எண்ணையே நம்புவேன். அடையாளத்தைப் பக்கத்தில் எழுதலாம். விற்றவர் பெயர், ஊர், தேதி எப்படியும் வேண்டும். ஆடுகளுக்குப் பூசும் சாயக்குறியைக் கணக்கில் சேர்க்காதீர்கள், ஒரு மழைக்குத் தாங்காது.